செங்காங் ஐந்தறை வீட்டில் மெஷ் வைஃபை: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்த பிறகு

வேகச் சோதனைப் படம் எதையும் இதில் போடப்போவதில்லை. மெஷ், அதாவது வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் பெட்டி வைத்து ஒரே வைஃபையாகப் பரப்பும் அமைப்பு, வாங்குகிறவர்கள் பலரும் கைபேசியில் 800 எம்பிபிஎஸ் வருகிறதா 900 வருகிறதா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். விளக்கு, மின்விசிறி, ஏர்கான் ரிமோட், வாசல் கேமரா, கதவுப் பூட்டு என்று வீடு முழுக்க ஸ்மார்ட் சாமான்களாக மாட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. ஒரு விளக்கு பெற்று அனுப்பும் தரவு சில கிலோபைட் இருந்தால் அதிகம். அதற்கு வேண்டியது நடுராத்திரியிலும் அறுந்துபோகாத ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ் (5ஐவிட வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும் வைஃபை அலைவரிசை) இணைப்பு, அவ்வளவுதான். அது கிடைக்கிறதா என்பது வாங்கிய வாரத்தில் தெரியாது, மாதக்கணக்கில் ஓட்டினால்தான் தெரியும்.

எங்களுடையது சிங்கப்பூரின் செங்காங்கில் மறுவிற்பனையில் வாங்கிய ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஏறக்குறைய 110 சதுர மீட்டர், ஃபைபர் பாயின்ட் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், அறைகளில் லேன் பாயின்ட் (சுவரில் இணையக் கேபிள் செருகும் இடம்) கிடையாது. 1990களின் கடைசியிலிருந்து கட்டப்படும் வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுப் புகலறை) இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்: கம்பி கட்டிய தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கட்டிய சுவருக்கு முன்னால் வைஃபை எம்மாத்திரம்! இடிக்கவும் முடியாது, கதவைக் கழற்றவும் முடியாது, குடிமைத் தற்காப்புப் படையின் விதி அப்படி. எங்கள் வீட்டில் அது ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் சமையலறை, துணி காயப்போடும் இடம், அதையொட்டிய ஒரு அறை மூன்றிலும் சிக்னல் நொண்டும்.

முதலில் வாங்கியது மூன்று பெட்டி கொண்ட இரட்டை அலைவரிசை மெஷ். கம்பெனிப் பெயர் வேண்டாம், அந்த விலையில் வரும் பலதும் அப்படித்தான். பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் நம் கைபேசிகளோடு பேசுவதும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில். அதனால் இரண்டாவது பெட்டியிலேயே வேகம் பாதியாகிவிடும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தாங்க முடியாதது அதன் கைபேசிச் செயலிதான், எதிலும் நம்மைக் கை வைக்க விடவில்லை. 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர், பிரிக்க முடியாது. சேனலை, அதாவது அலைவரிசைக்குள் எந்தத் தடத்தில் ஓடுவது என்பதை, தானே தேர்ந்தெடுக்கும், ராத்திரியோடு ராத்திரியாகத் தானே மாற்றும். அப்படி மாற்றும்போது கைபேசி, மடிக்கணினி எல்லாம் சத்தமில்லாமல் பின்னாலேயே போய்விடும், ஆனால் விலை குறைந்த விளக்கில் இருக்கும் சில்லுக்கு அவ்வளவு புத்தி இல்லை. சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் திரும்ப வரும். காலையில் பூஜை விளக்கு 'ஆஃப்லைன்' என்று நிற்கும். அம்மா ஒருநாள் கேட்டார்: “சுவிட்சத் தட்டினா எரியற விளக்க எதுக்குடா போன்ல தட்டணும்?” பதில் சொல்ல முடியவில்லை.

சேனல் மாற்றம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை வானிலை ரேடார் போன்றவற்றோடு பகிர்ந்துகொள்கிறோம், அங்கே ரேடாருக்குத்தான் முன்னுரிமை. ரேடார் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். ரேடாரோடு பகிரும் இன்னொரு சேனலுக்கே போவதானால், ஒலிபரப்பும் முன் குறைந்தது ஒரு நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பெட்டிகளுக்கு நடுவிலான இணைப்பு அந்தச் சேனலில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நேரத்துக்குப் பின் அறை முழுவதும் துண்டிப்பு. யூடியூப் பார்ப்பவர் திட்டிவிட்டுப் போய்விடுவார், கேமராவும் ஏர்கான் ரிமோட்டும் அப்படியே செத்துக் கிடக்கும்.

அப்புறம் மாற்றியது ஏசுஸ் ஜென்வைஃபை எக்ஸ்டி8, இரண்டு பெட்டி. வைஃபை 6, மூன்று அலைவரிசை. பெட்டிகள் பேசிக்கொள்ளத் தனியாக ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ உண்டு. நான் வாங்கியதற்குக் காரணம் அதைவிட அதன் அமைப்புப் பக்கம்தான்: கணினி உலாவியில் திறந்து ஒவ்வொன்றையும் கையாலேயே போடலாம். மூன்று பெட்டி இந்த அளவு வீட்டுக்குத் தேவையே இல்லை, கூடுதல் பெட்டி என்றால் நம் வீட்டுக்குள்ளேயே கூடுதல் இரைச்சல்.

செய்தது இவ்வளவுதான். 2.4க்குத் தனிப் பெயர், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1 என்று நிலையாகப் போட்டேன். ஒன்றோடொன்று உரசாத 1, 6, 11 மூன்றைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள். புளோக்கில் மேலே கீழே பக்கத்தில் என்று எல்லார் வைஃபையும் அதே இடத்தில் முட்டிக்கொண்டிருக்கும்போது நடுவில் 3, 4 என்று போட்டால் இரண்டு பக்கமும் இடி. கடவுச்சொல் பாதுகாப்பு முறை பழைய டபிள்யூபிஏ2 மட்டும், ஏனென்றால் விலை குறைந்த சாமான்கள் பலவற்றுக்குப் புதிய டபிள்யூபிஏ3 தெரியாது. ரோமிங் அசிஸ்டன்ட் என்று ஒன்று இருக்கும், சிக்னல் குறைந்த கருவியை உதைத்து வெளியே தள்ளி வேறு பெட்டிக்குப் போகச் சொல்வது அதன் வேலை. நடமாடும் கைபேசிக்கு அது சரி, சுவரில் ஆணி அடித்த விளக்கு எங்கே போகும்? 2.4இல் அதை அணைத்துவிட்டேன். சமையலறைக் கருவிகளைப் பின்னால் இருக்கும் பெட்டியோடு கட்டிப்போட்டேன், இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்ததும் முதலில் எழுந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தொங்கும்.

மாற்றும்போது ஒவ்வொரு விளக்கையும் மறுபடி சேர்க்க வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் புதியதன் 2.4க்குக் கொடுத்தால் பெரும்பாலானவை தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட வித்தியாசம் தந்தது ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிள். ஹாலிலிருந்து பின் அறைவரை சுவரோரமாக ட்ரங்கிங் (கேபிளை மூடும் பிளாஸ்டிக் உறை) போட்டு இழுத்தோம். வெள்ளைக் குழாய் மாதிரி தெரிகிறது என்று மனைவிக்கு இன்றுவரை கோபம். ஆனால் அதற்குப் பிறகு பெட்டிகளுக்கு நடுவில் ரேடார் கதை இல்லை, ஷெல்டர் கதை இல்லை, அந்தத் தனி 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவும் கருவிகளுக்கே மிச்சம். ஒரு குறையைச் சொல்ல வேண்டும்: இந்த மாடலில் 2.5 ஜிபிபிஎஸ் போர்ட் ஒன்றே ஒன்று, அது ஃபைபர் பக்கம் போய்விடும். மற்றவை 1 ஜிபிபிஎஸ். ஆக இரண்டாவது பெட்டிக்குப் போகும் கேபிளில் 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் கிடைக்காது. எனக்கு அது போதும்.

10 ஜிபிபிஎஸ் திட்டமும் வைஃபை 7 பெட்டியும் சேர்த்து இப்போது ஐடி ஷோவில் கூவிக் கூவி விற்கிறார்கள். நாடு முழுக்க ஃபைபர் வலையமைப்பை 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு உயர்த்த அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக 2024இல் அறிவித்தபிறகு வந்த சூடு இது. பெரிய கோப்புகளோடு மாரடிப்பவர் வாங்கட்டும். ஆனால் பெட்டி மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வைஃபைக்குப் புதிதாக வந்த 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்காவில் 1200 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிட்டிருக்கிறார்கள், இங்கே 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை 500 மட்டும்தான். வைஃபை 7 பீற்றிக்கொள்ளும் 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் அதற்குள் ஒன்றுதான் அடங்கும், பக்கத்து வீட்டுக்காரரும் வாங்கினால் அதே ஒன்றைத்தான் பிய்த்துக்கொள்ள வேண்டும். கான்கிரீட்டுக்கு முன்னால் 6 கிகாஹெர்ட்ஸ் 5ஐவிடச் சீக்கிரம் படுத்துவிடும் என்பது வேறு.

அந்தப் பணத்தில் விளக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஸிக்பீக்கு (சின்னச் சின்ன ஸ்மார்ட் சாமான்களுக்கான, வைஃபை அல்லாத வயர்லெஸ் முறை) மாற்றுவது மேல் என்பது என் கட்சி. சுவிட்ச், சென்சார் எல்லாம் இப்போது ஸிக்பீயில், வைஃபையில் கேமரா, ரோபோ வாக்குவம், ஏர்கான் ரிமோட் மாதிரி வேறு வழியில்லாதவை மட்டும். ஸிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது என்பதால் அதன் சேனலை 25இல் வைத்திருக்கிறேன், அது வைஃபையின் 11ஐயும் தாண்டி மேல் ஓரத்தில் இருப்பது. ஸிக்பீ சாமான்களை வீட்டு வலையோடு சேர்க்கும் ஹப்பை ரவுட்டர் தலைமேல் வைக்காமல் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

பிடிஓ (வீவக புதிதாகக் கட்டித் தரும்) வீட்டுச் சாவி வாங்கப்போகிறவர்களுக்கு இந்தத் தலைவலியில் பாதி இருக்காது, அண்மைக் காலத்தில் கட்டிய வீடுகளில் அறைக்கு அறை லேன் பாயின்ட் வருகிறது. ஆனால் இரண்டாவது பெட்டி எங்கே உட்காரப்போகிறது என்பதை அலமாரி அடிக்கும் முன்பே கான்ட்ராக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த பாயின்ட்டை மறைத்து அலமாரி நின்றுவிட்டால் அப்புறம் அதே வெள்ளை ட்ரங்கிங்தான்.