அமைச்சர் சொன்னார் என்பதற்கு என்ன அத்தாட்சி?

துறையை நடத்துவது அமைச்சரா, செயலாளரா? இந்தியா, பிரிட்டன், ஸ்வீடன் மூன்றும் இதற்கு மூன்று விதமாகப் பதில் வைத்திருக்கின்றன.

நம்மூர் முறையில் கொள்கை முடிவு அமைச்சருடையது, நிர்வாகம் செயலாளருடையது, அவையில் பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சர். 1956 அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி விலகியதை இன்றும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கென்னவோ முந்த்ரா விவகாரம்தான் பெரிதாகப் படுகிறது. ஹரிதாஸ் முந்த்ராவின் தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனிகளில் எல்.ஐ.சி. பணம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போனது. அமைச்சர் ஒப்புக்கொண்டார் என்றார் நிதிச் செயலாளர் எச்.எம். படேல். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி மறுத்தார். எல்லாம் வாய்ப்பேச்சு. செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றது சாக்ளா விசாரணை ஆணையம். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

பிரிட்டனில் இந்த 'சொன்னேன், சொல்லலை' சண்டைக்கு ஒரு தடுப்பு உண்டு. துறையின் பணத்துக்கு நாடாளுமன்றத்திடம் நேரடியாகக் கணக்குச் சொல்ல வேண்டியவர் நிரந்தரச் செயலாளர். செலவு வீண் என்று அவர் நினைத்தால், எழுத்தில் உத்தரவு கேட்கலாம். அமைச்சர் கொடுத்தால் செய்தே ஆக வேண்டும், ஆனால் அந்தக் கடிதம் தணிக்கைத் தலைவருக்குப் போய்விடும். 2015இல் கிட்ஸ் கம்பெனி என்ற தொண்டு நிறுவனத்துக்கு 30 லட்சம் பவுண்டு தர வேண்டாம் என்றார் அமைச்சரவை அலுவலகச் செயலாளர். அமைச்சர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பணம் போன சில நாளிலேயே நிறுவனம் மூடப்பட்டது. யார் பொறுப்பு என்று தேட வேண்டியிருக்கவில்லை.

ஸ்வீடன் வேறு ரகம். அமைச்சகங்கள் சிறியவை, வேலையைச் செய்பவை தனி முகமைகள். ஒரு தனிநபர் விவகாரத்தில் இப்படி முடிவெடு என்று அமைச்சர் சொல்வதை அரசியலமைப்பே தடுக்கிறது. சிபாரிசுக் கடிதத்துக்கு அங்கே வேலையில்லை. ஆனால் 2020 கொரோனா காலத்தில் அரசின் முகமாக நின்றவர் பொதுச் சுகாதார முகமையின் ஆண்டர்ஸ் டெக்னெல். அவரை ஓட்டுப் போட்டு இறக்க முடியாதே!

நான் பிரிட்டன் பக்கம். வாய்மொழி உத்தரவைப் பதிவு செய்ய வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றமும் 2013இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் சொல்லிவிட்டது. சரி, இங்கே எழுத்தில் கேட்கும் அதிகாரிக்கு அடுத்து வருவது இடமாறுதல் ஆணையாக இருக்கலாம். அங்கே அவரை மாற்றினாலும் கடிதம் தணிக்கையாளர் மேசையிலேயே இருக்கும்.