குன்னூர் வீட்டுப் பட்டறையில் ஒரு மைஃபோர்டு லேத்

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் தயாரான மைஃபோர்டு எம்.எல்.7 லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்று, மூன்று ஆண்டுகளாகக் குன்னூரில் என் வீட்டுப் பின்கட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சந்தைக்கு வந்த இந்த வகையின் மைய உயரம், அதாவது பெட் எனும் அடித்தளத்துக்கு மேல் சுழல் அச்சின் உயரம், மூன்றரை அங்குலம்; வீட்டு வேலைக்கு அது தாராளம்.

கோயம்புத்தூரில் பழைய இயந்திரம் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்து, "பெட் புதுசு மாதிரி சார்" என்றார். நானும் பெயின்ட்டைப் பார்த்து ஏமாந்தேன். வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்குக்கு அருகில், உளியைத் தாங்கி பெட்மேல் ஓடும் கேரேஜ் ஆட்டமின்றி நகரும்படி அதன் கிப் ஸ்க்ரூக்களை (ஆட்டத்தைக் குறைக்கும் திருகுகளை) இறுக்கிவிட்டு, அதை எதிர்முனையிலுள்ள டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும். அங்கே போய் இறுகி நின்றால், அதிகம் வேலை நடந்த சக் பக்கத்தில் பெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். என்னுடையது இறுகியது, ஆனால் அது மலையேறி வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. குட்டையான வேலைகளில் இந்தத் தேய்மானம் தெரிவதில்லை. நீளமான தண்டைக் கடைந்தால் விட்டம் மாறுகிறது.

சக் பொருந்தும் தண்டான ஸ்பிண்டில் சுழல்வது வெள்ளை உலோக பேரிங்குகளில். தேய்ந்தால் மூடிக்கு அடியிலுள்ள ஷிம் எனும் அடுக்குத் தகட்டில் ஓர் அடுக்கை உரித்து எடுத்து ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. எண்ணெய்ச் சொட்டுக் குப்பியைத் திறக்காமல் மோட்டாரைப் போடுவதுதான் இதற்குச் செய்யக்கூடிய பெரும் தீங்கு.

மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 8 மரை. மெட்ரிக் நாட்டில் இது தொல்லை என்று வாங்கும்போதே நண்பர்கள் எச்சரித்தார்கள். தொல்லைதான்: மெட்ரிக் மரையைத் துல்லியமாக வெட்ட 127 பல் கியர் வேண்டும், வெட்டி முடியும்வரை, கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டைத் திறக்கவும் கூடாது. அதனால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஸ்பிண்டிலை எதிர்த்திசையில் சுற்றித்தான் உளியைத் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். சக் ஸ்பிண்டிலில் திருகி மாட்டப்படுவதால், மோட்டாரைச் சட்டென்று எதிர்த்திசையில் ஓட்டினால் கழன்றுவிடக்கூடும். ஆகவே கைப்பிடி செய்து பொருத்தி, கையாலேயே சுற்றுகிறேன். ஆனால் இந்த மலையில் என்னிடம் வரும் வேலைகளில் பாதி, பழைய தேயிலை ஆலை இயந்திரங்களின் 55 பாகை மரைக் கோணமுள்ள விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல முறை) போல்ட்டுகள். அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 மரை. அதற்குக் கியர்க் கணக்கு எளிது, கடைகளில் அந்த போல்ட்டைத் தேடி அலைவதுதான் கடினம்.

துருவைப் பற்றி மட்டும் சமவெளிக்காரர்களின் யோசனையைக் கேட்க வேண்டாம். ஐப்பசி மழையில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடினேன். ஈரம் உள்ளேயே தங்கி, ஒரே வாரத்தில் பெட் முழுவதும் செம்புள்ளிகள். இப்போது வேலை முடிந்ததும் எண்ணெய் தடவி, உலர்ந்த பருத்தித் துணியால் மூடிவைக்கிறேன். இரவில் ஸ்டாண்டின் அடியில் பழைய இழை பல்பு ஒன்று, துணியில் படாதபடி கம்பிக் கூட்டுக்குள் எரிகிறது. இரும்பு காற்றைவிடக் குளிராமல் இருந்தால் அதன்மேல் பனி படிவதில்லை.