மூன்று மழைக்காலமும் ஒரு செடிக் கூடாரமும்

சென்னையில் மூன்றாம் மாடி வீடு. பால்கனி வடக்குப் பார்த்தது. வெயில் எட்டிப் பார்ப்பதோடு சரி. மிச்ச இடத்தைப் புறாக்கள் ஆண்டுகொண்டிருந்தன. அதனால்தான் 2023 பிப்ரவரியில், வீட்டுக்குள்ளேயே செடி வளர்க்க, உட்புறம் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் கறுப்புத் துணிக் கூடாரம் ஒன்றை வாங்கினேன். நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஆறடி உயரம். உள்ளே 100 வாட் எல்இடி விளக்கு, புகைபோக்கிபோல நான்கு அங்குலக் குழாயோடு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், ஒரு கிளிப் ஃபேன். லெட்யூஸ், இத்தாலியத் துளசி, புதினா, அவ்வப்போது தக்காளி நாற்று. விளக்கைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஈரப்பதத்தைப் பற்றி உண்டு. பணம் அதிகம் வீணானது அதில்தான்.

முதலில் மீட்டர். கூடாரத்தோடு இலவசமாக வந்த ஈரப்பதமானி 58 காட்டியது. சந்தேகப்பட்டு இன்னொன்று வாங்கினேன். அது 71 என்றது. மூன்றாவது 66. மூன்றையும் அருகருகே வைத்துவிட்டு எதை நம்புவது என்று ஒரு வாரம் விழித்தேன். கடைசியில் உப்புதான் தீர்த்துவைத்தது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, இட்லி மாவுப் பதத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் உறையில் காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். காலையில் பார்த்தால் ஒன்று 68, ஒன்று 81, மூன்றாவது 74. முதல் இரண்டின் முதுகிலும் ‘+7’, ‘-6’ என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். இன்றுவரை அதே கணக்குதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி உப்புச் சோதனை. மீட்டரைத் தொங்கவிடும் இடமும் முக்கியம். விளக்குக்கு நேர் கீழே வைத்தால் அது சூடாகிக் குறைத்துக் காட்டும். துளசியின் அடர்ந்த இலைகளுக்கு நடுவே செருகினால் வெளியே இருப்பதைவிடப் பத்துப் புள்ளி கூடுதலாகக் காட்டும். பூஞ்சை குடியேறுவது அந்தப் பத்துப் புள்ளிக்குள்தான்.

அது குடியேறவும் செய்தது. 2023 ஐப்பசியில் துளசி இலைகள் நரம்புகளுக்கு இடையே மட்டும் மஞ்சளாயின. சத்துக் குறைவு என்று நினைத்து உரம் கொடுத்தேன். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தபோது, அடியில் பென்சில் தூளைத் தேய்த்ததுபோல ஊதா கலந்த சாம்பல் படிவு. அடிச்சாம்பல் நோய். இரண்டு வாரத்தில் துளசி முழுவதும் போயிற்று. லெட்யூஸிலோ உள் குருத்து இலைகளின் ஓரம் கருகியது. காற்றில் ஈரம் மிகும்போது இலை வழியாக நீர் வெளியேறுவது குறைகிறது. நீரோடு ஏறிவர வேண்டிய கால்சியம் குருத்து நுனிக்கு வந்து சேர்வதில்லை. மண்ணில் கால்சியம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

எதிரி வெளியே கொட்டும் மழைதான் என்று முடிவுகட்டினேன். முதல் பெரிய தவறு அது. அடுத்தடுத்த தவறுகள் எல்லாம் அதன் பிள்ளைகள்.

சுமார் நான்காயிரம் ரூபாய்க்கு, கம்ப்ரசர் இல்லாமல், மின்சாரத்தில் குளிரும் சிறு தகட்டால் அதிக ஓசையின்றிக் காற்றின் ஈரத்தை இழுக்கும் பெல்டியர் வகை டீஹியூமிடிஃபையர் ஒன்றை வாங்கினேன். ஒரு நாளைக்கு அரை லிட்டர் இழுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. இரண்டு நாள் கழித்துத் தொட்டியில் அரை டம்ளர். அலமாரிக்கு வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்களையும் அடுக்கிப் பார்த்தேன். வாரம் முடிவதற்குள் தண்ணீராகி நின்றன. பிறகு கைமாற்று வாங்கிய பணத்தில் கம்ப்ரசர் வைத்த பெரிய இயந்திரம் வந்தது. அது நன்றாகவே உழைத்தது. ஓர் இரவில் இரண்டு லிட்டர் பிடித்தது. ஆனால் அதைக் கூடாரத்துக்குள்ளேயே வைத்தேன். மறுநாள் காலை உள்ளே 36 டிகிரி, லெட்யூஸ் வதங்கித் தொங்கியது. நீராவி மீண்டும் தண்ணீராகும்போது, ஆவியாக எடுத்துக்கொண்ட வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும்; இயந்திரம் தின்ற மின்சாரமும் வெப்பமாகவே வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இருந்தும் லெட்யூஸ் சொல்லித்தான் தெரிந்தது.

கூடவே மின்கட்டணம். 220 வாட், தினம் எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டுக்கு மேல். எங்கள் வீட்டில் அது 500ஐத் தாண்ட வைத்துவிட்டது. தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். என் மனைவி ரசீதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தால் ஒட்டி வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் பகுதியில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் ஒரு விசிறி ஓட்டுவதே பெரும்பாடு. கூடாரத்தின் கதவைச் சுருட்டிக் கட்டிவிட்டு, செடிகளில் பாதி இலையைக் கிள்ளி எறிந்தேன். புதினா மட்டும் பிழைத்தது. புதினாவுக்கு நான் ஒரு பொருட்டே அல்ல.

அந்த மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். கூடாரத்தின் கொள்ளளவு சுமார் 1.36 கன மீட்டர். 28 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் நீராவியைத் தாங்கும். ஆக, கூடாரம் முழுவதும் நூறு சதவீதம் நிறைந்தாலும் உள்ளே இருப்பது 37 கிராம்: இரண்டரை மேசைக்கரண்டி. நானோ தினம் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறேன். தட்டில் வடிவது 200 மில்லி. செடி உறிஞ்சுவதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் அதன் உடம்பில் தங்குகிறது; மிச்சமெல்லாம் இலை வழியே காற்றுக்கு. விளக்கு எரியும் 14 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்குத் தொண்ணூறு கிராம். மின்சாரம் வந்ததும் மீந்திருந்த புதினாவோடு புதுச் செடிகளை வளர்த்து, பிப்ரவரியில் சோதித்தும் பார்த்தேன்: எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினால் கால் மணி நேரத்தில் 62 என்பது 88 ஆயிற்று. வெளியே அன்று மழையே இல்லை. ஈரத்தைப் பூவாளியில் ஏந்தி உள்ளே கொண்டுபோனவன் நான்தான்.

இன்னொன்றும் அந்தக் காகிதத்திலேயே கிடைத்தது. அடைமழை நாளில் வெளியே 24 டிகிரி, ஈரப்பதம் 95 என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றை உள்ளே இழுத்து, விளக்குச் சூட்டில் 29 டிகிரி ஆக்கினால் அதன் ஈரப்பதம் 70 சொச்சம்தான். ஆக மழைக்காற்றைக்கூட நம்பி உள்ளே விடலாம். அது தங்கிவிடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே. நானோ முதல் ஆண்டு முழுவதும் எக்ஸாஸ்ட் குழாயின் வாயை அதே அறைக்குள் விட்டு, ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தேன். துப்பியதையே திரும்ப விழுங்கிக்கொண்டிருந்தது கூடாரம்.

தச்சரைக் கூப்பிட்டு ஜன்னலின் ஒரு பாகத்துக்குப் பிளைவுட் பலகை அடித்து, நான்கு அங்குலத் துளை போட்டுக் குழாயை வெளியே விட்டேன். கூலியோடு எண்ணூறு ரூபாய். இத்தனை ஆண்டில் நான் செய்த செலவுகளில் இதற்கு இணை இல்லை. ஃபேன் இப்போது 24 மணி நேரமும் மெதுவாக ஓடுகிறது. கூடாரத்தின் சுவர்கள் லேசாக உள்வாங்கி நின்றால் காற்று சரியாகப் போகிறது என்று பொருள்; காலையில் ஒரு பார்வை போதும்.

அடுத்து விளக்கின் நேரத்தை மாற்றினேன். முன்பு காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை எரிந்தது. விளக்கு அணைந்ததும் உள்ளே சூடு இறங்கும், ஈரப்பதம் கிடுகிடுவென ஏறும், விடியற்காலையில் சுவரில் துளித்துளியாக வேர்த்திருக்கும். பூஞ்சைக்கு அதைவிட விருந்து வேறில்லை. இப்போது கூடாரம் படுக்கையறைக்கு வந்துவிட்டது; விளக்கு மாலை ஐந்துக்கு எரிந்து காலை ஏழுக்கு அணைகிறது. இரவில் ஏசி காற்றின் ஈரத்தைப் பிழிந்து கொடுக்கிறது. காலையில் விளக்கு அணையும்போது ஏசியும் நின்றிருப்பதால் அறை சூடேறத் தொடங்குகிறது, உள்ளே குளிர்ந்து வேர்க்க இடமில்லை. தண்ணீர் ஊற்றுவது விளக்கு எரிந்தவுடன் மட்டுமே. தட்டில் வடிந்ததை அரை மணியில் எடுத்துவிடுகிறேன். கீழ் இலைகளை வாரம் ஒருமுறை கிள்ளுகிறேன். குறை ஒன்று உண்டு: ஜிப் இடுக்கில் இரவெல்லாம் வெளிச்சம் கசிகிறது. “இது படுக்கையறையா, ஆபரேஷன் தியேட்டரா?” என்று மனைவி கேட்டார். கறுப்பு டேப் ஒட்டியும் முழுமையாக நிற்கவில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அன்று சென்னையிலும் விடாத மழை. உள்ளே மீட்டர் 74ஐத் தாண்டவில்லை. இயந்திரத்தை நான் எடுக்கவே இல்லை.

கோடையில் கதை தலைகீழ். கத்திரி வெயிலில் மேற்குக் காற்று அடிக்கும் நண்பகலில் ஈரப்பதம் 35க்கு வந்துவிடும், நாற்றுகள் சுருளும். பிற்பகலில் கடற்காற்று நுழைந்ததும் மீட்டர் பத்து நிமிடத்தில் இருபது புள்ளி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். கடல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதை வானிலைச் செய்திக்கு முன்பே அது சொல்லிவிடும். முதல் கோடையில், தண்ணீரை அதிர்வால் பனிப்புகையாக்கித் தெளிக்கும் ஒரு மீயொலி ஈரமூட்டி வாங்கி, சிக்கனம் என்று ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீரை அதில் ஊற்றினேன். நான்கு நாளில் இலைகளின் மேல் வெள்ளைப் பொடி. சாம்பல் நோய் என்று பதறி வேப்பெண்ணெய் தெளித்தேன், போகவில்லை. வினிகர் தொட்ட துணியால் துடைத்தபோது சுத்தமாகப் போயிற்று. அது உப்பு. ஆர்ஓ கழிவுநீரில் உப்பு அதிகம் என்பதை யோசித்திருக்க வேண்டும். இப்போது கோடைக்கு ஒரு ஈரத் துண்டு, நாற்றுத் தட்டுக்கு ஒரு கண்ணாடி மூடி. போதுகிறது.

பெல்டியர் கருவியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கம்ப்ரசர் இயந்திரத்துக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது: மழைக்காலத்தில் ஹாலில் கொடி கட்டி, பக்கத்தில் அதை ஓட விட்டால் பள்ளிச் சீருடை ஒரே இரவில் காய்ந்துவிடுகிறது. மனைவியின் கணக்கில் நான் வாங்கியவற்றுள் உருப்படியானது அது ஒன்றுதான். கூடாரத் துணி இன்னும் கிழியவில்லை. கதவின் ஜிப் மட்டும் கீழ் வளைவில் பல் விடத் தொடங்கியிருக்கிறது. தெருமுனைப் பை தைப்பவரிடம் காட்டினேன். கழற்றிக் கொண்டுவந்தால் புது ஜிப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உள்ளே இருக்கும் லெட்யூஸை அறுத்து முடித்துவிட்டுக் கொண்டுபோக வேண்டும்.