டிஎம் வாட்டருக்கு மீட்டர் வாங்கப் போகிறீர்களா? என் 68,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேட்டை பக்கம் சின்னதாக டிஎம் வாட்டர் (உப்பை நீக்கிய தண்ணீர்) பிளான்ட் போட்டு லேப்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறேன். மிச்ச உப்பைப் பிடிக்கிற ரெசின் தொட்டியான மிக்ஸட் பெட் தாண்டியதும் லைனிலேயே மாட்ட, மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து தண்ணீரில் உப்பு மிச்சமிருப்பதைக் காட்டுகிற ஒரு கண்டக்டிவிட்டி மீட்டரை, தொழிற்சாலைச் சாமான் விற்கிற ஒரு ஆன்லைன் தளத்தில் வாங்கினேன். 68,000 ரூபாய், மொத்தமும் முன்கூட்டியே.

போனில் பேசியவர் எடுத்த எடுப்பிலேயே "அண்ணாச்சி, நமக்கும் பாளையங்கோட்டைதான்" என்றார். தண்ணீரில் முக்குகிற முனையான புரோபின் செல் கான்ஸ்டன்ட், அதாவது அதன் மின்முனைகளின் பரப்பையும் இடைவெளியையும் சொல்கிற எண், 0.01 தானே என்று கேட்டேன், சுத்தத் தண்ணீருக்கு அதுதான் வேண்டும். "நம்ம ஊர்க்காரருக்குப் போய் மாத்திக் கொடுப்பனா அண்ணாச்சி" என்றார். மீட்டர் 0.055 மைக்ரோசீமென்ஸ் காட்டுகிற வீடியோவும் வந்தது. 25 டிகிரியில் சுத்தத் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. அதைச் சரியாகச் சொல்கிற ஆளை யார்தான் நம்பமாட்டார்கள்?

மாட்டியதிலிருந்து 0.06. காலையிலும் 0.06, உச்சிவெயிலில் பைப் கொதிக்கும்போதும் 0.06. அப்புறம் ஒரு லேப்பிலிருந்து போன், உங்கள் தண்ணீர் 9 காட்டுகிறதே என்று. கேனைத் திறந்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து 1 வரைக்கும் ஏறும், அது சகஜம். 9 என்றால் ரெசின் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், மீட்டர் அதைச் சொல்லவே இல்லை. புரோபைக் கழற்றி ஒரு மக்கில் குழாய்த் தண்ணீர், நம்ம தாமிரபரணித் தண்ணீர்தான், பிடித்து முக்கினேன். 0.06. துடைத்துக் காற்றில் பிடித்தேன், பூஜ்யம் காட்ட வேண்டியது, அப்போதும் 0.06! வெளியே இருந்த ஸ்டீல் உறையை உருவினால் உள்ளே கறுப்பு பிளாஸ்டிக், இரண்டு கிராஃபைட் புள்ளி, பக்கத்தில் 1.0 என்று அச்சு. சாதாரணத் தண்ணீருக்கான செல். கூட வந்த காலிபரேஷன் சான்றிதழும் 1413 மைக்ரோசீமென்ஸ் உப்புக் கரைசலில் மட்டும் பார்த்தது, 0.06க்கு அது எதற்கு உதவும்?

கேட்டால் முதலில் "தண்ணியிலதான் கோளாறு அண்ணாச்சி", அடுத்து "சர்வீஸ் ஆள் மதுரையிலிருந்து கிளம்பிட்டாரு", அடுத்து "உறையைக் கழட்டிட்டீங்க சார், வாரண்டி கிடையாது". அண்ணாச்சி சார் ஆனதும் போனை எடுப்பதும் நின்றது. தளத்துக்காரர்களோ, நாங்கள் ஆளைச் சேர்த்துவிடுவது மட்டும்தான் என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். 68,000 ரூபாய்! அதோடு அந்த லேப்பும் ஆர்டரை நிறுத்திவிட்டது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் குழாய்த் தண்ணீரில் முக்குங்கள், எண் எகிறவில்லை என்றால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். பாய்லருக்குக் கொடுப்பவர்கள் சிலிக்காவைத் தனியாகப் பாருங்கள், நல்ல கண்டக்டிவிட்டி மீட்டரே அதைச் சரியாகக் காட்டாது. நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் பில்லையும் போன் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.