ஒட்டுப் பழக்கன்றா, பூமரக் கன்றா? வாங்கும் முன் ஒரு மதிப்புரை

ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் இடம் உள்ள வீட்டுக்காரர் நாற்றுப்பண்ணைக்குப் போனால், ஒரே உயரத்தில், ஒரே அளவுப் பையில் நிற்கும் இரண்டு வகைக் கன்றுகளுக்கு நடுவே தடுமாறுகிறார். ஒன்றில் பழத்தின் படம் போட்ட அட்டை தொங்குகிறது. மற்றொன்றில் பூத்துக் குலுங்கும் மரத்தின் படம். இந்த மதிப்புரை அவருக்காக எழுதப்படுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினமும் மரத்தடிக்குப் போய்வர ஆள் இருக்கும் வீட்டுக்கு ஒட்டுப் பழக்கன்றே சிறந்தது, அப்படி ஆள் இல்லாத வீட்டுக்கு, போதிய இடம் இருக்குமானால், பூமரம். சுவை, அழகு, நிழல் ஆகியவை குறித்த வாதங்களெல்லாம் இதற்கு அடுத்தபடியாகத்தான் வருகின்றன.

பழக்கன்றை ஒரு விற்பனைப் பொருளாகப் பார்த்தால், அதன் தரம் முழுவதும் ஒட்டில் இருக்கிறது. விதையிலிருந்து வளர்ந்த மா காய்க்க 5 முதல் 8 ஆண்டுகள் வரை ஆகலாம். அப்போதும் தாய்மரத்தின் பழமே கிடைக்கும் என்று பெரும்பாலான ரகங்களில் சொல்ல முடியாது. ஒட்டுக்கன்று 3 அல்லது 4 ஆண்டுகளில் காய்ப்புக்கு வந்துவிடுகிறது; ரகமும் மாறுவதில்லை. காய்க்கும் பருவம் எட்டிய மரத்தின் கிளையையே இளம் வேர்ச்செடியின் மேல் பொருத்தியிருப்பதால்தான் இந்த வேகம். ஆகவே விதைக்கன்றைப் பழத்துக்காக வாங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒட்டுக்கன்றைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. தண்டின் அடிப்பகுதியில், மண்ணிலிருந்து சிறிது மேலே, லேசான வளைவோ தடிப்போ தெரியும், அதுதான் ஒட்டு. அங்கே சுற்றிய பிளாஸ்டிக் நாடா இன்னும் கழற்றப்படாமல் பட்டைக்குள் அழுந்தியிருந்தால், அந்தக் கன்று பின்னாளில் காற்றுக்கு அந்த இடத்திலேயே முறியக்கூடும். ஒட்டுக்குக் கீழிருந்து துளிர் கிளம்பியிருந்தால் அது வேர்ச்செடியின் துளிர். கிள்ளாமல் விட்டால் மேலே உள்ள நல்ல ரகத்தை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் இதைக் கண்டுபிடிப்பது பல சமயங்களில் எளிது: மூவிலை வேர்ச்செடியில் ஒட்டிய கன்றானால், கீழ்த்துளிரில் ஒரு காம்புக்கு மூன்று சிற்றிலைகள் இருக்கும், மேலே உள்ள ஒட்டுக்கிளையில் ஒன்றுதான். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்குள் புதையக்கூடாது என்பதை விற்பவர்கள் அட்டையில் அச்சிட்டே தரலாம், பெரும்பாலும் தருவதில்லை. இது பெரிய குறை.

அட்டைப் படம் மறைக்கும் இன்னொரு விஷயம் வேலை. பழமரம் வாங்குபவர் உண்மையில் ஓர் அறுவடைப் பொறுப்பையே வாங்குகிறார். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் வரும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேரும் கிளையும் வலுப்பெறும் முன்பே மரம் காய் சுமக்கும். மாம்பூவில் தத்துப்பூச்சி அமர்ந்து சாறு உறிஞ்சினால் பூ கருகுவதோடு, அது வெளியேற்றும் ஒட்டும் தேன்கழிவு இலைமேல் படிந்து கரும்பூசணமும் பிடிக்கிறது. பழம் முற்றும் பருவத்தில் பழ ஈ வருகிறது; பழத்துக்குள் வளரும் புழுக்கள் பழம் விழுந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை ஈக்களாக மேலே வருகின்றன. எனவே, விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி அப்புறப்படுத்துவதுதான் முதல் மருந்து. எந்தத் தெளிப்பானும் அதற்குப் பிறகுதான். இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தால், மரத்தடியில் அழுகலும் குளவியும் வரவேற்கும். மாவிலும் ஆப்பிளிலும் பல ரகங்கள் ஓராண்டு வாரி வழங்கிவிட்டு மறு ஆண்டு கைவிரிக்கும் இயல்புடையவை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாதுளையில் இன்னொரு தொல்லை: மண்ணைக் காயவிட்டுத் திடீரென்று நிறைய நீர் பாய்ச்சினால் பழம் வெடித்துவிடும். இத்தனையும் சொன்ன பிறகும் பழமரத்தையே முதலில் வைப்பதற்குக் காரணம், இந்த வேலைகளில் எதுவும் கடினமானதல்ல. எல்லாம் அன்றாடம் செய்ய வேண்டியவை, அவ்வளவுதான்.

ஒற்றை மரம் காய்க்குமா என்பதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதுளை, கொய்யா, எலுமிச்சை ஆகியவை தனியாக நின்றாலும் காய்க்கும். ஆப்பிள், பேரி, இனிப்புச் செர்ரி ஆகியவற்றின் பெரும்பாலான ரகங்களுக்கு அருகில் வேறொரு ரகத்தின் மகரந்தம் தேவை; இடம் ஒரு மரத்துக்குத்தான் என்றால் தன்மகரந்தச் சேர்க்கை உள்ள ரகத்தையே தேட வேண்டும். ஆப்பிளுக்குக் குளிரும் வேண்டும்: பல ரகங்கள் 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் 800 முதல் 1000 மணி நேரம் கழித்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். அன்னா போன்ற ரகங்களுக்கு 300 மணி நேரமோ அதற்கும் குறைவோ போதும். ரகப் பெயரே எழுதாமல் வெறுமனே ‘ஆப்பிள்’ என்று அட்டை போட்ட கன்றை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரலாம்.

இனிப் பூமரம். இதில் ஏமாற்றுவது அளவு. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட செம்மயிற்கொன்றை, அதாவது குல்மோகர், பையில் நிற்கும்போது கொத்தமல்லித் தழையைப்போல் மெல்லியதாக இருக்கிறது. வளர்ந்தால் 10 மீட்டருக்கு மேல் போகும், கிளைப்பரப்பு உயரத்தையும் விஞ்சிக் குடையாக விரியும். வேர்கள் மேலோட்டமாக ஓடி நடைபாதைக் கற்களைத் தூக்கும். கிளைகள் பலத்த காற்றில் எளிதில் முறியும். பூப்பருவம் முடிந்ததும் கட்டைபோன்ற நீண்ட காய்கள் மாதக்கணக்கில் தொங்கிப் பிறகு விழுகின்றன. சரக்கொன்றை இதைவிட அடக்கமான மரம். ஆனால் அதன் குழல்போன்ற காய்களும் 30 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் வரை வளர்பவை. கீழே கார் நிறுத்துபவர்கள் யோசித்துக்கொள்ளட்டும். பூமரத்தில் குப்பை இல்லை என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். குப்பை உண்டு, அழுகலும் ஈயும் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே, ஆள் இல்லாத வீட்டுக்கு நான் பூமரத்தைச் சொல்கிறேன்.

கவாத்து விஷயத்தில் பூமரம் சற்று அறிவு கேட்கிறது. பூமருது வகைகள் புதுத்துளிரின் நுனியில் பூப்பவை. ஆகையால் துளிர்ப்புக்கு முன் வெட்டலாம். அலங்காரச் செர்ரி போன்றவை சென்ற ஆண்டுக் கிளையில் மொட்டு வைப்பவை. இவற்றைப் பூ உதிர்ந்த பிறகே வெட்ட வேண்டும், முன்பே வெட்டினால் அவ்வாண்டுப் பூவெல்லாம் வெட்டுக்கிளையோடு போய்விடும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும் என்பது இரண்டு வகை மரத்துக்கும் பொருந்தும்.

இரண்டுக்கும் இடைப்பட்டதாக ஒரு கன்று விற்கப்படுகிறது. எனக்கு அதுதான் ஆகாது. அடுக்குப்பூ மாதுளை, அடுக்குப்பூச் செர்ரி போன்றவை பழமரத்தின் பெயரைச் சுமந்தபடி பூமரமாக மட்டுமே இருப்பவை. மகரந்தத் தாள்கள் கூடுதல் இதழ்களாக மாறிவிட்டதால் காய்ப்பு இல்லை, அல்லது மிகச் சொற்பம். தேனீக்களுக்கும் மகரந்தம் கிடைப்பதில்லை. தெரிந்து வாங்கினால் குறையில்லை. ‘மாதுளை’ என்று மட்டும் எழுதி விற்றால் அது வாங்குபவரை ஏமாற்றுவதே. அமெரிக்காவில் பிராட்ஃபோர்ட் பேரியின் கதை இதைவிடப் பெரியது. 1960களில் அலங்கார மரமாகப் பரப்பப்பட்ட அது தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. அதனால் தொல்லையற்ற மரம் என்று கருதப்பட்டது. பக்கத்தில் அதே இனத்தின் வேறு ரகங்கள் நடப்பட்டதும் ஒன்றோடொன்று கலந்து காய்த்து, பறவைகள் விதையைப் பரப்பி, காடுகளிலும் தரிசுகளிலும் களையாக மண்டியது. ஒஹாயோ மாநிலம் 2023 ஜனவரி முதல் அந்த இனத்தின் விற்பனையையே தடை செய்துவிட்டது. கிளைகள் குறுகிய கோணத்தில் நெருக்கமாகப் பிரிவதால் அந்த மரம் காற்றில் பிளந்துபோவது தனிக் குறை.

என் தரவரிசைப்படி, சிறிய இடத்துக்கு ஒற்றைப்பூ மாதுளையின் நல்ல காய்ப்பு ரகம் முதலிடம் பெறுகிறது: கவாத்தோடு 3 முதல் 5 மீட்டருக்குள் நிற்கும், செம்பூவும் கண்ணுக்கு நிறைவு, பழமும் உண்டு. ஒரு நாளில் 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழாத இடத்தில் மாதுளையும் ஏமாற்றும், பெரும்பாலான பூமரங்களும் ஏமாற்றும்.

இறுதியாக, நாற்றுப்பண்ணையில் காயோடு தொங்கும் கன்றைப் பற்றி. முதிர்ந்த மரத்தின் கிளை ஒட்டப்பட்டிருப்பதால் பையில் இருக்கும்போதே அது பூக்கவும் காய்க்கவும் செய்யும். அது வீரியத்தின் அடையாளம் அல்ல. நெடுநாள் ஒரே பையில் கிடந்த கன்றாகவும் இருக்கலாம், அப்படியானால் வேர்கள் பையின் சுவரை ஒட்டிச் சுருண்டு கிடக்கும். நட்ட பிறகும் அதே சுருளில் தடித்து ஆண்டுகள் கழித்து மரத்தின் கழுத்தையே நெரிக்கும். பையின் அடித்துளைகளில் பருத்த வேர் வெளிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பக்கத்தில் காய் எதுவும் இல்லாமல் சற்றுக் குட்டையாக நிற்கும் கன்றை எடுங்கள்.