அசோகர் திரைப்படம்: கதை மரபா, கல்வெட்டா?

மௌரியப் பேரரசர் அசோகரைத் திரைக்குக் கொண்டுவர விரும்பும் இயக்குநருக்கு இரண்டு வழிகள் உள்ளன: பிற்காலப் பௌத்தக் கதைகளைப் பின்பற்றலாம், அல்லது அவரே பாறைகளில் பொறிக்கச் செய்த சொற்களிலிருந்து தொடங்கலாம்.

கதை மரபு திரைக்கதையை ஏறக்குறைய ஆயத்தமாகவே தந்துவிடுகிறது. 99 சகோதரர்களைக் கொன்று அரியணை ஏறியவர், சித்திரவதைக் கூடம் அமைத்தவர், பிறகு மனம் திருந்தியவர் என்ற பாய்ச்சல் எந்த நடிகரையும் ஈர்க்கும். ஆனால், முடிசூடிப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னும் அவருடைய உடன்பிறந்தோரின் இல்லங்களைப் பற்றி ஐந்தாம் பாறைக் கல்வெட்டு பேசுகிறது.

கல்வெட்டு வழியில் காதலும் இல்லை, போர்க்களக் காட்சியும் இல்லை. இருந்தும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். கலிங்கத்தில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் 1,50,000 பேர் பெயர்த்துச் செல்லப்பட்டதையும் வென்ற அரசரே பதின்மூன்றாம் கல்வெட்டில் சொல்லி வருந்துகிறார். அதே கலிங்க மண்ணில், தௌலிப் பாறையில், அந்தப் பகுதி பொறிக்கப்படவில்லை. தோற்ற மக்களிடம் சொல்லத் துணியாத அந்த வருத்தத்துக்கு ஆயிரம் யானைகளைவிட வலிமை அதிகம்.

முதலாம் கல்வெட்டு இன்னும் நெருக்கமானது. அரண்மனைச் சமையலறையில் முன்பு எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்போது இரண்டு மயில்களும் ஒரு மானும் மட்டுமே, அந்த மானும் எப்போதும் இல்லை என்றும் அது கூறுகிறது. முற்றாக விடமுடியாமல் தன்னோடு போராடும் மனிதரை அந்த அடுக்களையிலேயே காட்டிவிடலாம்.