செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் டி480: லேப்டாப் நல்லது, பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்

சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கேட்டால் கடைக்காரர் எடுத்து வைக்கிற மாடல்களில் லெனோவா திங்க்பேட் டி480-ம் இருக்கும். 2018-இல் வந்த மாடல். பெரும்பாலும் ஐடி கம்பெனிகள் மொத்தமாக வாங்கி, சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்தவை. இன்றைக்கும் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் என்பதால் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக அனுமதிக்கிறது. பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் டி470-க்கு அந்த அனுமதி இல்லை. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், இந்த ஒரு தலைமுறை வித்தியாசத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

சிக்கல் ஹார்டுவேரில் இல்லை. கம்பெனியில் இருந்து வெளியே வருகிற லேப்டாப் ஏதாவது ஒரு பூட்டோடு வரும். "ஃபார்மட் பண்ணினால் எல்லாம் போயிடும் சார்" என்று கடையில் சொல்வார்கள். ஃபார்மட் செய்தால் போகிற பூட்டும் உண்டு, எத்தனை தடவை ஃபார்மட் செய்தாலும் போகாத பூட்டும் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பணத்தை நீட்டுவதுதான் ஆபத்து.

கவலைப்பட வேண்டாதவற்றை முதலில் முடித்துவிடலாம். விண்டோஸ் லாகின் பாஸ்வேர்டு, பின் நம்பர், பழைய ஓனரின் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் ஆகியவை எல்லாம் எஸ்எஸ்டி-யில், அதாவது டேட்டா சேமிக்கும் டிஸ்க்கில், இருப்பவை. டிஸ்க்கில் இருப்பதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரும் அப்படித்தான். நீல ஸ்க்ரீனில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டால் பழைய டேட்டாவைத்தான் திறக்க முடியாது. அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை (பிரித்து வைத்த பகுதிகளை) அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்வதை அது தடுக்காது. இந்த நிலையில் இருக்கிற டி480-ஐ விலை பேசி வாங்கலாம்.

இனி, வாங்கவே கூடாதது. பவர் பட்டனை அழுத்தி, லெனோவா என்ற சிவப்பு லோகோ வந்ததும் எஃப்1-ஐத் தட்டுங்கள். நேராக பயாஸ் மெனு (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளின் செட்டிங்ஸ்) திறந்தால் நல்லது. அதற்குப் பதிலாகப் பூட்டுப் படம் போட்ட சின்னப் பெட்டி வந்து, எழுத்து எதுவும் இல்லாமல் கர்சரோடு காத்திருந்தால் பயாஸையே பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று தடவைக்கு மேல் தப்பாகப் போட்டால் 0199 என்ற எரர் வரும். ஆன் செய்தவுடனே ஸ்க்ரீனில் 0199 தெரிகிறது என்றால், உங்களுக்கு முன்னால் யாரோ பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்திருக்கிறார்கள்.

டெஸ்க்டாப் மதர்போர்டில் சிமாஸ் பேட்டரியை (கடிகாரத்தை ஓட்டும் காயின் பேட்டரியை) கழற்றி மாட்டி பயாஸ் பாஸ்வேர்டை அழித்துப் பழகியவர்கள் இதிலும் அதையே முயல்வார்கள். திங்க்பேடில் அது பலிக்காது. இந்தப் பாஸ்வேர்டு கரன்ட் போனாலும் அழியாத சிப்பில் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் தேதியும் நேரமும் மட்டும்தான் அழியும். பாஸ்வேர்டு மறந்துபோனால் வாங்கிய ரசீதோடு சர்வீஸ் சென்டருக்கு வந்து சிஸ்டம் போர்டையே மாற்ற வேண்டும் என்று லெனோவாவின் மேனுவலே சொல்கிறது. அந்தச் செலவுக்கு இன்னொரு டி480-ஐயே பார்த்துவிடலாம்.

இந்தப் பூட்டு இருந்தாலும் விண்டோஸ் ஓடும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் ஆன் செய்து காட்டும்போது எந்தக் குறையும் தெரியாது. வீட்டுக்கு வந்து பென் டிரைவில் இருந்து பூட் செய்யலாம், அதாவது லேப்டாப்பைத் தொடங்கலாம் என்று பார்த்தால், எதில் இருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் எஃப்12 மெனு முடக்கப்பட்டிருக்கலாம், பூட் வரிசையும் பூட்டப்பட்டிருக்கலாம். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடுவது), விர்ச்சுவலைசேஷன் (லேப்டாப்புக்குள் இன்னொரு சிஸ்டத்தை ஓட்டும் வசதி) எதையும் மாற்ற முடியாது. ஆகவே எஃப்1 சோதனையைக் கடையிலேயே, பணம் கொடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். பத்து நொடி வேலை.

பயாஸ் திறந்துவிட்டால் இன்னும் ஓர் இடம் பார்க்க வேண்டும். செக்யூரிட்டி மெனுவுக்குள் ஆன்ட்டி தெஃப்ட் பகுதியில் கம்ப்யூட்ரேஸ் என்ற வசதி இருக்கும். அப்சல்யூட் என்ற நிறுவனத்தின் திருட்டுத் தடுப்பு மென்பொருள் அது. ஆக்டிவேட் ஆகியிருந்தால் விண்டோஸை அழித்துப் போட்டாலும் பயாஸில் இருந்து மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய கம்பெனி நினைத்தால் லேப்டாப்பை முடக்கலாம். 'நாட் ஆக்டிவேட்டட்' என்றோ 'பர்மனென்ட்லி டிஸேபிள்டு' என்றோ இருந்தால் நிம்மதி. ஆக்டிவேட் ஆகியிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பழைய ஓனர் விடுவித்தால்தான் அது போகும்.

அடுத்தது ஆட்டோபைலட். கடைக்காரருக்கே தெரியாமல் கைமாறுகிற பூட்டு இதுதான். கம்பெனி தன் லேப்டாப்புகளின் ஹார்டுவேர் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிந்து வைத்திருக்கும். விண்டோஸை முதல் தடவை செட்டப் செய்யும்போது நெட் கிடைத்தால் லேப்டாப் அந்தச் சர்வரைக் கேட்கும். பதிவு இருந்தால், பெயர் கேட்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பெனியின் பெயரோடு வரவேற்பு ஸ்க்ரீன் வந்து, அந்தக் கம்பெனியின் ஈமெயிலும் பாஸ்வேர்டும் கேட்கும். அந்த அடையாளம் மதர்போர்டைச் சார்ந்தது. எஸ்எஸ்டி-யை மாற்றினாலும், நூறு தடவை ஃபார்மட் செய்தாலும் அதே ஸ்க்ரீன்தான்.

கடையில் இது ஏன் தெரிவதில்லை என்றால், பெரும்பாலும் நெட் இல்லாமல் லோக்கல் அக்கவுன்ட் போட்டு இன்ஸ்டால் செய்து வைத்திருப்பார்கள். அப்படிச் செய்தால் கேள்வியே வராது. ஒரு வருஷம் கழித்து ஏதோ வைரஸ் என்று நீங்கள் ரீசெட் கொடுக்கும்போது கேட்கும். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பக்கத்தில் 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' காலியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. இப்போது இணைப்பில் இல்லை என்பதை மட்டும்தான் அது காட்டும். சர்வரில் பதிவு இருக்கிறதா என்பதைக் காட்டாது. உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, விண்டோஸை முதலில் இருந்து இன்ஸ்டால் செய்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, என்ன கேட்கிறது என்று பார்ப்பது. கடையிலேயே அரை மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்யச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். கம்பெனிப் பெயர் வந்தால் பழைய கம்பெனியின் ஐடி பிரிவுதான் அந்தப் பதிவை நீக்க முடியும். அதைக் கேட்டு வாங்கித் தருவது விற்கிறவரின் பொறுப்பு. பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்வதும் இதற்குத்தான். பின்னால் எந்தத் தகராறு வந்தாலும் அடியில் ஒட்டியிருக்கும் சீரியலும் பில்லில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு தனி. ஆன் செய்தவுடன் டிஸ்க்குக்கான பாஸ்வேர்டு கேட்டால் அந்த எஸ்எஸ்டி போனதுதான், லெனோவாவாலும் திறக்க முடியாது. ஆனால் வேறு எஸ்எஸ்டி மாட்டினால் லேப்டாப் ஓடும். எஸ்எஸ்டி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

பூட்டு இல்லாத டி480 கைக்கு வந்துவிட்டது. இனி இன்ஸ்டால்.

8 ஜிபி-க்குக் குறையாத பென் டிரைவ் ஒன்று, வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து இறக்கிய மீடியா கிரியேஷன் டூல் (பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரை ஏற்றும் மென்பொருள்) இரண்டும் வேண்டும். பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். பயாஸில் செய்ய வேண்டியது: ஸ்டார்ட்அப் மெனுவில் யூஇஎஃப்ஐ ஒன்லி (புதிய பூட் முறை), செக்யூரிட்டி மெனுவில் செக்யூர் பூட் எனேபிள், செக்யூரிட்டி சிப் (சங்கேதச் சாவிகளை வைத்திருப்பது) எனேபிள். லெகசி மோடில், அதாவது பழைய பூட் முறையில் விட்டுவிட்டால், டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பகுப்பு முறையில் இருப்பதால் இங்கே இன்ஸ்டால் செய்ய முடியாது என்று விண்டோஸ் அடம் பிடிக்கும். பலர் அதைப் பார்த்துவிட்டு டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய பகுப்பு முறைக்கு மாற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது டிஸ்க்கை அல்ல, பயாஸை. செக்யூரிட்டி சிப்பை அதே மெனுவில் கிளியர் செய்துவிடுங்கள், பழைய ஓனரின் சாவிகள் போய்விடும். ஃபிங்கர்பிரின்ட் ரீசெட்டையும் செய்யுங்கள். கைரேகைப் பதிவு அந்த சென்சாரிலேயே தங்குகிறது, விண்டோஸோடு சேர்ந்து அழியாது.

எஃப்12 அழுத்தி பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ப்ராடக்ட் கீ கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். விண்டோஸோடு விற்கப்பட்ட டி480-இல் அந்த லைசென்ஸ் கீ பயாஸிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 10 ப்ரோ கீ, விண்டோஸ் 11 ப்ரோவையும் ஆக்டிவேட் செய்யும். டிஸ்க் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானம் வேண்டும். பென் டிரைவும் பட்டியலில் தனி டிஸ்க்காகத் தெரியும், ஆகவே அளவைப் பார்த்து எஸ்எஸ்டி எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் சிஸ்டம், எம்எஸ்ஆர், பிரைமரி, ரெக்கவரி என்று நாலைந்து வரிகள் இருக்கும். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் டிலீட் செய்து, 'அன்அலோகேட்டட் ஸ்பேஸ்' என்ற ஒரே வரி மிஞ்சும்போது நெக்ஸ்ட் கொடுங்கள். சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் பழைய கம்பெனியின் ரெக்கவரி பார்ட்டிஷன் அப்படியே தங்கிவிடும். டிஸ்க்கே தெரியவில்லை, டிரைவர் வேண்டும் என்று கேட்பது பதினோராம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகளில் அடிக்கடி வரும் தொல்லை. டி480-இல் அது கிடையாது. இதில் டிஸ்க் தெரியவில்லை என்றால் கேபிளையோ எஸ்எஸ்டி-யையோ சந்தேகப்படுங்கள்.

ஆரம்பத்தில் 0271 என்று எரர் வந்தால் தேதி தப்பாக இருக்கிறது, பெரும்பாலும் உள்ளே இருக்கும் காயின் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தப்பாக இருந்தால் நெட் சர்டிஃபிகேட் சரிபார்ப்பு தோற்று, ஆக்டிவேஷனும் அப்டேட்டும் நின்றுவிடும். அதை முதலில் சரி செய்யுங்கள்.

முடிந்ததும் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருக்க வேண்டும். கடைக்காரர் போட்டுக் கொடுத்த விண்டோஸில் 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால், அது கேஎம்எஸ் என்ற, கம்பெனிகளுக்கான மொத்த லைசென்ஸ் முறையில் ஆக்டிவேட் செய்தது. 180 நாளுக்கு ஒரு தடவை புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகும். அதற்காக வைக்கிற கிராக் மென்பொருளை நம்பி பேங்க் பாஸ்வேர்டு போடுவது சரியில்லை. கடையில் போட்டுக் கொடுத்ததை எப்படியும் அழித்துவிட்டு நீங்களே ஒரு தடவை இன்ஸ்டால் செய்யுங்கள் என்று அழுத்திச் சொல்வதற்கு முதல் காரணம் இதுவே.

விண்டோஸ் ஏறிய முதல் நாளே தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை (வேகமான யூஎஸ்பி-சி போர்ட்டை இயக்கும் சிப்புக்குள் இருக்கும் மென்பொருளை) அப்டேட் செய்துவிடுங்கள். இந்த மாடலின் பெயர் பெற்ற பலவீனம் அது. பழைய ஃபர்ம்வேரில் இருந்த பிழையால் நாளடைவில் தண்டர்போல்ட் கன்ட்ரோலர் செத்துப்போகிறது: அந்த யூஎஸ்பி-சி போர்ட்டில் சார்ஜ் ஏறாது, எச்டிஎம்ஐ-யில் படம் வராது. லெனோவா தீர்வை வெளியிட்டுவிட்டது, ஆனால் போர்ட் போன பிறகு அப்டேட் உதவாது. வாங்கும்போது இடது பக்கம் இருக்கும் இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டிலும் மாற்றி மாற்றி 65 வாட் சார்ஜரைச் செருகி, இரண்டிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். பயாஸ் அப்டேட்டையும் தண்டர்போல்ட் அப்டேட்டையும் சார்ஜர் மாட்டியபடியே செய்ய வேண்டும்.

ஹார்டுவேரைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. ரேம் ஸ்லாட் இரண்டு, இரண்டும் கழற்றி மாட்டக்கூடியவை. 8 ஜிபி ஒன்றே இருந்தால் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 சேர்த்துக்கொள்ளலாம். டி480எஸ் என்று ஓர் எழுத்து கூட இருப்பது வேறு மாடல்: மெலிசானது, ஆனால் ரேமில் ஒரு பாதி போர்டோடு ஒட்டியிருக்கும், பின்பக்கப் பேட்டரியும் கிடையாது. ஸ்க்ரீன்தான் பெரிய குறை. 1366x768 டிஎன் ஸ்க்ரீன் போட்ட டி480 நிறைய சுற்றுகிறது. தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் வெளுக்கும். முழு எச்டி ஐபிஎஸ் ஸ்க்ரீன் உள்ளதாகவே கேளுங்கள். அதுவும் பிரகாசமானது அல்ல, ஆனால் நாள் முழுக்கப் படிக்கலாம்.

உள்ளே 24 வாட்-ஹவர் பேட்டரி ஒன்று, பின்னால் கழற்றக்கூடியது இன்னொன்று. கழற்றக்கூடியது செத்திருந்தால் புதிது வாங்கி நீங்களே மாட்டிக்கொள்ளலாம். உள்ளே இருப்பதைத் தொடும் முன்பும் ரேம் மாற்றும் முன்பும் பயாஸில் கான்ஃபிக், பவர் என்று போய் 'டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி' கொடுத்து, பின்பக்கப் பேட்டரியையும் கழற்றிவிட்டு அடிமூடியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்கள். அந்த ஸ்க்ரூக்கள் மூடியை விட்டு முழுசாகக் கழன்று வராது, இழுக்க வேண்டாம். மூடி மாட்டி சார்ஜரைச் செருகியதும் உள்பேட்டரி தானாக உயிர் பெறும்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுகிறவர்களுக்கு இதைவிடத் தொல்லை இல்லாத லேப்டாப் கிடைப்பது கஷ்டம். உபுன்டு 24.04 ஆனாலும் மின்ட் 22 ஆனாலும் வைஃபை, சவுண்ட், ஸ்லீப் எல்லாம் இன்ஸ்டால் செய்தவுடன் வேலை செய்யும். கைரேகை சென்சார் மட்டும் வேலை செய்யாது, அதற்கு வெளியார் எழுதிய டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கும்.